இந்த சிலிண்டர் தீரட்டும்

பாலைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போயிருக்கிறாள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பாலில் ஒன்றும் நடக்கவில்லை, அதன் அடியில் தீயில்தான் என்னவோ நடக்கிறது. நீலம் வற்றி நுனியில் மஞ்சள் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, விக்கி, மறுபடி நிமிர்கிறது. சிலிண்டர் தீரப் போகிறது. புதுசு இன்றைக்கு வரும் என்று சிலிண்டர் போடுகிற ஆரோக்கியம் அண்ணன் நேற்றே சொல்லிவிட்டார், வரட்டும், வந்ததும் தாரணிக்குப் போன் செய்ய வேண்டும், அதை இப்போதே நினைக்க வேண்டாம், பாலைப் பார். கீழே சுவரைத் துளைக்கிறார்கள். காலையில் தரைத்தளத்தில் கேட்ட சத்தம் இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டது, டைல்ஸ் நடுங்குவது உள்ளங்காலில் தெரிகிறது, பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடப்பதுபோல் இருக்கிறது. குழாய் கேஸ்காரர்கள். ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும் ஓட்டை போட்டு மஞ்சள் குழாயை உள்ளே விடுகிறார்கள். அடுத்தது எங்கள் வீடு. கதவைத் தட்டுவார்கள், ஆமாவா இல்லையா என்பார்கள். அபார்ட்மெண்டில் எல்லாரும் ஆமாம் சொல்லியாயிற்று, நான் ஒருவன்தான் பாக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ஸப் குழுவில் செயலாளர் ‘மூன்றாவது மாடி கோகுல் மட்டும் பெண்டிங்’ என்று போட்டு, பக்கத்தில் கைகூப்புகிற படமும் ஒன்று போட்டிருந்தார். அம்மாவுக்கு யாரோ அதைக் காட்டிவிட்டார்கள். ‘ஏன்டா மானத்த வாங்கற, இதுல பாக்கறதுக்கு என்னடா இருக்குது’ என்றாள். இந்த சிலிண்டர் தீரட்டும்மா என்றேன். போன சிலிண்டருக்கும் அதைத்தான் சொன்னேன். அதற்கு முந்தினதற்கும்.

யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். கேஸ் இணைப்பு தாரணி பேரில் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அம்மாதான் ஏஜென்சியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், ‘என்ற மருமக பேர்லயே அடுப்பு இருக்கட்டுங்க, நாங்கெல்லாம் இன்னும் எத்தன நாளைக்கு.’ அன்றைக்கு அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. தாரணி குனிந்து கையெழுத்துப் போட்டாள், அவள் செல் நம்பரைக் கொடுத்தாள், புது ரெகுலேட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பிறகு எல்லாம் முடிந்துபோனது. குடும்ப நல கோர்ட்டு வராந்தாவில் அவள் தாய்மாமா ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார், பித்தளை அண்டா, ஈயச்சொம்பு, அலுமினியக் குண்டான், இட்லிப் பானை, கிரைண்டர். எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. கேஸ் இணைப்பு யார் நினைவுக்கும் வரவில்லை, அது பாத்திரமும் இல்லை நகையும் இல்லை. அந்த மாதக் கடைசியில் சிலிண்டர் வந்தபோது ஆரோக்கியம் அண்ணன் வாசலில் நின்று ‘தாரணி, கேஸு!’ என்று எப்போதும்போல் கத்தினார், அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். ‘செல்லுக்கு நாலு நம்பர் வந்திருக்கும் பாருங்க சார், அதச் சொன்னாத்தான் எறக்குவேன், இப்ப அப்பிடித்தான் ரூல்ஸு.’ புக் செய்வது என் செல்லிலேயே நடந்துவிடும், கடைசியில் கேட்கிற அந்த எண் மட்டும் அவளுக்குத்தான் போகும். வேறு வழி தெரியாமல் போன் செய்தேன். எடுத்தாள். சொன்னாள். வைத்துவிட்டாள். சமையலறைக்கு வந்து இதே இடத்தில் நின்றேன். அன்றைக்கே ஏஜென்சிக்குப் போய் அம்மா பேருக்கு மாற்றியிருக்கலாம். இந்த சிலிண்டர் தீரட்டும் என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை, அவள் குரல் காதில் இருந்தது, அது போகட்டும் என்று இருந்தேன்.

அப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு போன். அம்மா ஒருத்திக்கும் எனக்கும் ஒரு சிலிண்டர் எவ்வளவு நாள் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், ஒருசமயம் தீரவே தீராதோ என்று பயந்து மூன்று வேளையும் வெந்நீர் வைத்துக் குளித்திருக்கிறேன், சித்திரை மாதத்தில். அம்மா உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போன் எடுத்ததும் தாரணி ‘சொல்லுங்க’ என்பாள். முன்னால் கூப்பிட்டதுபோல் எதுவும் கிடையாது, பேரும் கிடையாது, மாமாவும் கிடையாது, வெறும் சொல்லுங்க. நான் ‘கேஸு’ என்பேன். ‘ம்’ என்று தேடுவாள். அந்தத் தேடுகிற நேரம்தான் எனக்கு உள்ளது. அந்த நேரத்துக்குள் அவள் பின்னால் என்னென்ன கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஃபேன் சத்தம், தெருவில் கீரைக்காரம்மா, அப்புறம் ஒரு சின்ன சத்தம், டிட் என்று, எப்போதும் இருக்கும், சிலசமயம் டிட் டிட் என்று இரண்டு. அது என்னவென்று எவ்வளவு யோசித்திருக்கிறேன். சிங்காநல்லூரில் லிஃப்ட் வைத்த வீடாகப் பிடித்திருப்பாளோ, அவள் வேலை பார்க்கிற கிளினிக்கில் ஏதாவது மெஷினோ, கையில் கட்டிய புது வாட்ச்சோ, வாட்ச் என்றால் யார் வாங்கிக் கொடுத்தது. ஒரு வாரம் அந்த வாட்ச்சோடு சண்டை போட்டேன். எண்ணைச் சொல்லி முடித்ததும் உடனே வைத்துவிட மாட்டாள், அதுதான் விஷயம், அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தொங்கினேன். ‘உங்க பக்கம் பைப் கேஸ் வருதுன்னாங்களே, வந்துருச்சா?’ என்று கேட்பாள். ‘இன்னும் இல்ல’ என்பேன். அடுத்த தடவையும் அதையே கேட்பாள், ‘ரோடு தோண்டீட்டிருந்தாங்க, பாத்தேன், எப்ப வருமாம்?’ பேச்சை வளர்க்க அவளுக்கு வேறொன்றும் அகப்படவில்லை, பாவம், எனக்கு மாதிரியேதான், அதனால் பைப்பைக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் பஸ்ஸில் பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசுவதில்லையா, அதுபோல. நானும் பதிலைத் தேவைக்கு மேல் நீட்டுவேன், ரோட்டில் பாறை வந்துவிட்டதாம், கார்ப்பரேஷன் அனுமதி நிற்கிறதாம், ஆறு மாதம் ஆகுமாம். அப்படியா என்பாள், குரல் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் நான் எனக்குச் சாதகமாகத்தான் எழுதிக்கொண்டேன்.

சின்ன வயதில் தாத்தா ஒரு கதை சொல்வார், எல்லா வீட்டிலும் சொல்கிற கதைதான், அரக்கன் ஒருவன் தன் உயிரைக் கொண்டுபோய் ஏழு மலை தாண்டி ஏழு கடல் தாண்டி ஒரு கிளியின் கழுத்துக்குள் ஒளித்து வைப்பான். கிளி இருக்கிறவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது. தாத்தா சொல்லும்போது ஏழு மலையையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார், நான் நாலாவது மலையில் தூங்கிப்போவேன். எனக்கு இப்போது அந்தக் கதை அடிக்கடி வருகிறது. என் உயிர் ஒரு சிவப்புச் சிலிண்டருக்குள் இருக்கிறது, மூன்றாவது மாடியில், ஏழு மலை எல்லாம் வேண்டியதில்லை, ஒரு மஞ்சள் குழாய் போதும் அதை எடுத்துவிட. குழாய் வந்தால் சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டும், ஒரு வீட்டுக்கு இரண்டு கூடாது. ஒப்படைத்தால் நாலு எண் வராது. எண் வராவிட்டால் அவளுக்கு நான் எதற்காகப் போன் செய்வேன். நல்லாருக்கியா என்று கேட்கவா. அதைக் கேட்க வேண்டிய காலத்திலேயே கேட்காதவன். தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்று அவள் சொன்னபோது பாக்கலாம் என்றேன், அவள் அதை வீடு பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டித் தயாராக நின்றாள், நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திவசம் முடியட்டும் என்றேன். ஆடி போகட்டும் என்றேன். அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வார்த்தை விழுந்த அன்றைக்கும், காலையில் பேசிக்கலாம் என்று திரும்பிப் படுத்தேன். கெட்டவன் என்று யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள், தாய்மாமாகூடச் சொல்லவில்லை, ‘மாப்ள நல்லவருதான், ஆனா எதுக்கும் எந்திரிக்க மாட்டாரு’ என்று மட்டும் சொன்னார். தீ மறுபடி விக்குகிறது. பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

கதவு தட்டுகிற சத்தம். துளைக்கிற சத்தம் நின்றிருப்பதே இப்போதுதான் தெரிகிறது. போய்த் திறந்தால் தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சிமெண்ட் தூசி, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண், சூப்பர்வைசர், பின்னால் மெஷினோடு இரண்டு பேர். ‘சார், உங்க வீடு மட்டும் டிக் ஆகாம இருக்குது. போடறதா வேண்டாமா?’ இந்த ரவுண்டில் விட்டால் மறுபடி எப்போது வருவோம் என்று தனக்கே தெரியாது என்கிறாள், போட்டுவிட்டாலும் கேஸ் திறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்கிறாள். ‘பாக்கலாங்க, ஒரு பத்து நிமிஷம்’ என்கிறேன், என் வாய் தானாகச் சொல்கிறது, மூளைக்குத் தகவலே போகவில்லை. ‘என்ன சார் பாக்கறதுக்கு, பொண்ணா பாக்கறீங்க’ என்று சிரித்துவிட்டு, ‘சரி, அதுக்குள்ள டீ குடிச்சிக்கறோம்’ என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதே படியில்தான் ஆரோக்கியம் அண்ணன் தோளில் சிலிண்டரோடு ஏறி வருகிறார். லிஃப்டில் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்று செயலாளர் போர்டு மாட்டியிருக்கிறார். ‘தாரணி, கேஸு!’ மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘எங்க பொழப்புல ஓட்ட போடத்தான வந்திருக்கீங்க தங்கச்சி’ என்கிறார். ‘நீங்களும் எங்ககூட வந்துருங்கண்ணா, குழாய் தூக்கறதுக்கு ஆளே கெடைக்கறதில்ல. ஒரு தடவ தூக்கினா முடிஞ்சுது, மாசாமாசம் தூக்க வேண்டாம்’ என்கிறாள். ‘முடிஞ்சுதுன்னா அப்புறம் சோத்துக்கு?’ எல்லாரும் சிரிக்கிறார்கள். சிலிண்டரை வாசலில் இறக்குகிறார், டொங்கென்று, நிறைந்த சிலிண்டருக்கு ஒரு தனிச் சத்தம். ‘நம்பர் சார்.’ செல்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போகிறேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இதுதான் கடைசி என்றாவது சொல்லிவிட வேண்டும், அல்லது இதுதான் கடைசி ஆகாமல் இருக்க ஏதாவது, சாப்பிட்டியா என்றாவது, இந்த சிலிண்டருக்கு அது மட்டும், மிச்சம் அடுத்ததற்கு.

‘சொல்லுங்க.’ கேஸு என்கிறேன். ‘ம்.’ ஃபேன். யாரோ இருமுகிறார்கள், வயசான இருமல், ஆம்பளை. டிட். ‘த்ரீ, நைன், ஜீரோ, செவன்’ என்கிறாள். த்ரீ நைன் ஜீரோ செவன் என்று திருப்பிச் சொல்கிறேன், திருப்பிச் சொன்னால் இன்னும் கொஞ்சம் நேரம் போகும் என்று ஒரு பழக்கம். ‘என்ன அங்க பேச்சுச் சத்தம்? பைப்புக்காரங்களா?’ ஆமா என்று வாயில் வந்துவிட்டது. ‘வந்துருச்சா!’ அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் குரலில் நான் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டதுதான். ‘போட்டாச்சா?’ ‘கீழ வீடெல்லாம் போட்டாச்சு. நாம… நாங்க… பாக்கலாம்னு.’ இருமல் மறுபடி. ‘உங்கப்பாவா?’ ‘ம். தை மாசத்துல இருந்து எங்கூடத்தான் இருக்காங்க.’ அப்புறம் அவளே, ‘ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பைப் போட்டா அந்த கனெக்‌ஷன குடுத்துருவீங்கல்ல? குடுத்துட்டீங்கன்னா நான் ஒண்ணு எழுதி வாங்கிக்குவேன். போய்க் கேட்டேன், உங்க பேர்ல ஏற்கெனவே ஒண்ணு ஓடுதும்மா, இன்னொண்ணு தர முடியாதுங்கறாங்க.’ எப்போது கேட்டாய் என்கிறேன். ‘இங்க வந்த புதுசுலயே.’ அப்படியென்றால் இத்தனை நாள் எதில் சமைத்தாய் என்று நான் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்னால் டிட் என்றது, என்னவோ கொதித்து வழிகிற சத்தம், ‘இருங்க, அணைச்சர்றேன்’, டிட். ‘கரண்ட் அடுப்புதான். எனக்கு ஒண்ணுமில்ல, ஓட்டீட்டேன். அப்பாவுக்குத்தான், கரண்ட் போச்சுன்னா ஒரு வாய் வெந்நி வெக்க முடியறதில்ல.’ சொல்லியிருக்கலாமே தாரணி என்கிறேன், பேரைச் சொல்லிவிட்டேன். ‘உங்கம்மா வயசானவங்க. நான் புடுங்கினேன்னு ஆயிரக் கூடாது. அதான், பைப் எப்ப வருது, பைப் எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டேதான இருந்தேன்.’

கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும். நான் பாறை வந்துவிட்டது என்றேன். ஆறு மாதம் என்று என் சந்தோஷத்துக்கு ஒரு கணக்குச் சொன்னேன், அவள் அந்தப் பக்கம் அதை நாளாக எண்ணியிருப்பாள். அரக்கன் உயிரை ஒளித்து வைத்தான் என்று சொன்ன தாத்தா, அந்தக் கிளி அத்தனை காலம் என்ன தின்றது, கூண்டைத் திறந்தால் எங்கே போக நினைத்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தூங்கிப்போனேன். ‘லைன்ல இருக்கீங்களா?’ இருக்கிறேன். ‘அவசரமில்ல. புது சிலிண்டர் வந்திருக்குதில்ல, அது தீரட்டும், அதுக்கப்புறம் பண்ணுங்க போதும்.’ என் வாய்க்குள் இருந்ததை அவள் எடுத்துச் சொல்கிறாள். கூடவே இருந்தவள்தானே, தெரியும். ‘அதுக்கு என்ன பண்ணணும்?’ என்கிறேன். ‘நான் வந்து கையெழுத்துப் போடணும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் நீங்க கொண்டு வந்தாப் போதும்.’ இன்னிக்கு என்கிறேன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்னவோ. இன்னிக்கே, மத்தியானம் ஏஜென்சி மூடறதுக்குள்ள. ‘நெசமாவா?’ என்கிறாள், அந்த ஒரு வார்த்தையில் அவள் எத்தனை தடவை நல்ல சேலை கட்டி நின்றாள் என்பது எல்லாம் இருக்கிறது. ‘வேண்டாம், கெளம்பறப்ப போன் பண்ணுங்க, அப்புறம் நான் கெளம்பறேன்.’ நம்பவில்லை. சரி என்று வைக்கிறேன்.

வாசலில் ஆரோக்கியம் அண்ணன் சிலிண்டரின் மேல் மூடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். ‘நம்பர் சார்.’ எடுத்துட்டுப் போயிருங்கண்ணா என்கிறேன். ‘என்னது?’ இது வேண்டாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க. ‘மூணு மாடி தூக்கீட்டு வந்திருக்கேன் சார், முன்னாடியே சொல்லியிருந்தா கீழயே நின்னிருப்பேனில்ல!’ அம்மா தலையில் துண்டோடு வந்துவிட்டாள். ‘ஏன்டா, பைத்தியமா உனக்கு? வந்த கேஸத் திருப்பி அனுப்பறதா? குழாய் போட்டாலும் அது எரியறதுக்குப் பத்து நாளாகுமாம்டா, அது வரைக்கும் இத வெச்சிருந்து, தீந்ததுக்கப்புறம் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?’ சூப்பர்வைசர் பெண் டீ டம்ளரோடு எழுந்து நின்று வேடிக்கை பார்க்கிறாள். ‘தாரணிக்கு அடுப்பில்லம்மா’ என்கிறேன். அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம் சிலிண்டரைப் பார்க்கிறாள். துண்டை அவிழ்த்து மறுபடி முடிந்துகொள்கிறாள், அது சரியாகத்தான் இருந்தது. ‘அவளுக்கென்ன’ என்று ஆரம்பித்து, முடிக்காமல், ‘எத்தன நாளா?’ என்கிறாள். ஆரோக்கியம் அண்ணன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, முனகிக்கொண்டே சிலிண்டரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். ஒவ்வொரு படிக்கும் இரும்பு கிணுங்குவது கேட்கிறது, இரண்டாம் மாடி, முதல் மாடி. எண் என் வாயிலேயே இருக்கிறது, யாருக்கும் சொல்லாத எண், த்ரீ நைன் ஜீரோ செவன். அவள் எனக்கு நிறைய தடவை எண் சொல்லியிருக்கிறாள், செலவழிக்காமல் கையில் நிற்பது இது ஒன்றுதான். ‘ஓட்ட எங்க போடட்டும் சார்?’ என்கிறாள் அந்தப் பெண். போடுங்க என்கிறேன், எங்க வேணும்னாலும் போடுங்க.

அடுப்பில் தீ இல்லை. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. ரெகுலேட்டரைத் திருகி எடுத்து, காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டி வைக்கிறேன், இரண்டு வருஷமாக நான் தூக்கிக்கொண்டிருந்தது இவ்வளவு இலேசா. பின்னால் சுவரில் மெஷின் ஏறுகிறது, டைல்ஸ் உடைந்து தூள் பறக்கிறது, பாலை மூட வேண்டும். லாஃப்டில் ஏறி, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் கை விட்டால் அகப்படுகிறது, கல்யாணத்துக்கு அவள் சிநேகிதிகள் கொடுத்த கரண்ட் அடுப்பு, இண்டக்‌ஷன், பெட்டிகூடப் பிரிக்கவில்லை. மேடையில் வைத்து, பிளக்கைச் சொருகி, பால் குண்டானை ஏற்றினால் அது ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது, அலுமினியம். கோர்ட்டு வராந்தாவில் தாய்மாமா பேர் சொல்லிச் சொல்லி வாங்கிப்போன அண்டாவும் சொம்பும் குண்டானும் எதுவும் இதில் ஏறாது, அவள் அதையெல்லாம் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு ஒற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் பொங்கியிருப்பாள். அடி தட்டையான ஒரு பாத்திரத்தைத் தேடிப் பாலை மாற்றுகிறேன், மேடையில் கொஞ்சம் சிந்துகிறது. பொத்தானை அமுக்குகிறேன். டிட் என்கிறது. அவ்வளவு மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்கிறது, கூடத்திலிருக்கிற அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. ‘அதென்னடா சத்தம்?’ என்கிறாள். இன்னொரு தடவை அமுக்குகிறேன். டிட்.

அடுப்பும்மா, என்கிறேன்.